கேன், சிலிண்டர், அரிசிச் சிப்பம், பீரோ: பிடி இல்லாத கனத்தைத் தூக்கப் பழகும் வழி

ஜிம்மில் 40 கிலோ கம்பியை அசால்ட்டாகத் தூக்குகிறவருக்கும் 26 கிலோ அரிசிச் சிப்பம் தண்ணி காட்டிவிடும். கம்பி ஒல்லியானது, இரண்டு பக்கமும் சம எடை, காலை ஒட்டியே மேலே வரும். சிப்பத்துக்குப் பிடி கிடையாது. தூக்கினால் நடுவில் தொய்யும், உள்ளே இருக்கும் அரிசி ஒரு பக்கமாகச் சரியும், வியர்த்த கையில் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். வீட்டுச் சாமான்களில் ஆளை மடக்குவது பெரும்பாலும் பொருள் உடம்பிலிருந்து தள்ளி நிற்கும் தூரமும் பிடியும்தான். கிலோ கணக்கு அதற்கு அப்புறம்.

தனிக்குடித்தனம் வந்து கேன் மாற்ற ஆள் இல்லாதவர்கள், லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறவர்கள், அப்பா அம்மாவுக்குப் பதிலாக இனி நாம்தான் தூக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் முறை ஒன்றுதான், தொடங்கும் எடை மட்டும் மாறும். ஆகும் காலம் 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 35 நிமிடம். ஆகும் செலவு, வீட்டில் பழைய சாக்கு இருந்தால் சுமார் 300 ரூபாய்.

1. முதலில் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எடை தெரியாமல் கை வைப்பதுதான் முதல் தவறு. குறைவாக நினைத்துத் தூக்கினால் பாதியில் முதுகு வளையும். அதிகமாக நினைத்து வெடுக்கென்று இழுத்தால், காலி சிலிண்டர் முகத்துக்கு வரும்.

20 லிட்டர் தண்ணீர் கேன்: தண்ணீர் மட்டுமே 20 கிலோ, கேனோடு 21-ஐ நெருங்கும்.

வீட்டு சமையல் சிலிண்டர்: உள்ளே 14.2 கிலோ கேஸ். காலி எடை மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 15-க்கும் 17-க்கும் இடையில். இரண்டையும் கூட்டினால் 30 கிலோ சுற்றி வரும். காலியானதும் "ஒன்றுமில்லாதது" ஆகிவிடாது. 15 கிலோ இரும்பு அப்படியே இருக்கிறது.

அரிசிச் சிப்பம்: 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபின், கடைகளில் 26 கிலோ சிப்பம் பரவலாகிவிட்டது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதைத் தனியாளாகத் தூக்குவதை இந்தக் கட்டுரை சொல்லித் தராது.

ஒற்றைக் கதவு பிரிட்ஜ் 35 முதல் 40 கிலோ. மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷின் 30 முதல் 40. முன்பக்கக் கதவு மெஷின் 60 முதல் 70, ஏனென்றால் சுற்றும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும். ஆறரை அடி இரும்பு பீரோ காலியாகவே பெரும்பாலும் 70-க்கு மேல்.

தெரியாத பொருளை அளக்க எளிய வழி: குளியலறை எடைமானியில் நீங்கள் மட்டும் ஒரு முறை, பொருளோடு ஒரு முறை ஏறி நின்று கழியுங்கள். எடைமானி இல்லையென்றால் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசு போதும்.

இப்போது தூரக் கணக்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாம் வசதியாக இருக்கும்போது, அதாவது பொருள் இடுப்பு உயரத்தில், கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்தில், நல்ல பிடியோடு இருக்கும்போது, பரிந்துரைக்கும் எடை 23 கிலோ. அதே பொருள் தரையில் இருந்தால் 17.8 ஆகக் குறைகிறது. அதோடு 40 செ.மீ. தள்ளியும் இருந்தால் 11.1. சரியான பிடியும் இல்லையென்றால் 10. உடம்பை 45 டிகிரி திருப்பியபடி தூக்கினால் 8.6. இது தினமும் தூக்கும் தொழிலாளிக்கான கணக்கு. மாதம் ஒரு முறை தூக்கும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. விகிதத்தைப் பாருங்கள்: எடையில் ஒரு கிராம் கூடாமலே வேலை இரண்டரை மடங்குக்கு மேல் கடினமாகிவிட்டது. பொருளை அணைத்துக்கொள்ளச் சொல்வதும், காலைத் திருப்பச் சொல்வதும் இதனால்தான்.

2. யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் கொண்டு போக வேண்டும்

தொடையிடுக்கிலோ தொப்புளிலோ இருமும்போது புடைப்பு தெரிகிறவர்கள் (குடலிறக்கம்), கடந்த சில மாதங்களில் வயிறு, முதுகு, கண் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவமானவர்கள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள். இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சி மூட்டை கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

கொண்டு போக வேண்டியவை: மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படத்தோடு அதன் எழுத்து அறிக்கை (படத்தை மட்டும் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்கள் அதிகம்), இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ரத்த அழுத்தம் இருந்தால் ஒரு வார அளவுகள். இவற்றோடு கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: எத்தனை கிலோ, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, வாரத்தில் எத்தனை முறை.

அந்தச் சீட்டு முக்கியம். "டாக்டர், கனம் தூக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற ஒரே பதில்தான் வரும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "21 கிலோ கேனை 45 செ.மீ. ஸ்டூலிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு, வாரம் இரண்டு முறை" என்று கேட்டால் அளவோடு பதில் கிடைக்கும். எடை வரம்பைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வேலை செய்யும் இடத்தில் தூக்கச் சொன்னால் காட்ட உதவும். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் செலவில்லை, ஆனால் பாதி நாள் போகும், பழைய ஓ.பி. சீட்டை எடுத்துப் போனால் கொஞ்சம் மிச்சமாகும்.

3. எங்கிருந்து தொடங்குவது

மூன்று சோதனைகள் போதும். குதிகால் தரையில் இருக்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழ முடிகிறதா? பக்கெட்டுக்குப் பத்து லிட்டர் தண்ணீரோடு, இரண்டு கையிலும் இரண்டு பக்கெட்டைப் பிடித்து 30 மீட்டர் நிற்காமல் நடக்க முடிகிறதா? முழங்கையும் கால்விரலும் ஊன்றி, உடல் பலகைபோல் நேராக இருக்க 30 விநாடி தாங்குகிறீர்களா?

மூன்றும் முடிந்தால் 10 கிலோவில் தொடங்கலாம். ஒன்று தவறினாலும் 5 கிலோ. குத்துக்காலிடவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை இரண்டு வாரம் செய்துவிட்டு வாருங்கள். முழங்கால் மடங்காமல் தூக்கும் எல்லாக் கனமும் இடுப்பில்தான் போய் உட்காரும்.

4. பயிற்சி மூட்டை செய்வது

சிலிண்டரை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். கீழே விழுந்தால் வால்வு அடிபடும். அரிசிச் சிப்பமும் வேண்டாம், நாலாவது தடவை போடும்போது தையல் விட்டுவிடும். மணல் மூட்டைதான் சரி.

தேவையானவை: காலி அரிசிச் சாக்கு ஒன்று, அதை உள்ளே போடச் சணல் சாக்கு ஒன்று, 5 கிலோ கொள்ளும் தடித்த பாலித்தீன் கவர் பதினான்கு, பிரவுன் டேப், நைலான் கயிறு இரண்டு மீட்டர், சலித்த எம்-சாண்ட் 30 கிலோ. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் மணல் சும்மாவே கிடைக்கலாம். விலைக்கு வாங்கினாலும் ஹார்டுவேர் கடையில் ஒரு மூட்டை நூறு ரூபாய் அளவில் முடிந்துவிடும்.

மணலை மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈர மணல் எடை கூடுதலாகக் காட்டும், பத்து நாளில் நாற்றமெடுக்கும். காய்ந்தபின் ஐந்து ஐந்து கிலோவாகக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி டேப் சுற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கவர் தலைகீழாக. கவரை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறைந்த கவர் கல்லைப்போல் இறுகி, கீழே விழும்போது வெடிக்கும். ஐந்து கிலோப் பொட்டலம் ஆறில் ஒன்றை இரண்டரை கிலோவாக இரண்டாகப் பிரித்துவைத்தால் எடை ஏற்றும்போது வசதி.

பொட்டலங்களை அரிசிச் சாக்கில் போட்டு, சாக்கில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கும்படி கழுத்தைக் கட்டுங்கள். அந்தக் காலி இடம் வேண்டும். அப்போதுதான் மணல் உள்ளே ஓடி, நிஜச் சிப்பத்தைப்போல் உங்களைச் சோதிக்கும். வெளியே சணல் சாக்கு போடுவது பிடிக்காக.

5. நான்கு அசைவுகள்

இடுப்பை மடக்குதல். சுவருக்கு முதுகு காட்டி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மார்பு தானாக முன்னால் சாயும், முதுகு கூனாது. தொடையின் பின்புறம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். இடுப்பு இழுத்தால் முதுகை மடக்குகிறீர்கள். முதல் வாரம் முழுக்க இதை வெறுங்கையோடு தினம் இருபது தடவை செய்யுங்கள். இது வராமல் அடுத்தது வராது.

மடியேற்றுதல். தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குகிறவர்களைப் பார்த்திருந்தால் இது புரியும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குத் தூக்குகிறார்கள். உருண்டைக் கல்லுக்குப் பிடியே கிடையாது. ஒரே இழுப்பில் யாரும் தோளுக்கு ஏற்றுவதில்லை. குத்துக்காலிட்டுக் கல்லை அணைத்து, முதலில் தொடைக்கு, தொடையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு என்று படிப்படியாகப் போகிறது. வீட்டுக் கனம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மூட்டையை இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்து நில்லுங்கள், முன்னால் அல்ல. இடுப்பை மடக்கி இறங்கி, இரண்டு கையையும் மூட்டைக்கு அடியில் செலுத்தி நெஞ்சோடு இறுக்குங்கள். முழங்கால் உயரத்துக்குத் தூக்கியதும் உட்காருவதுபோல் இறங்கி மூட்டையைத் தொடைமேல் வையுங்கள். அங்கே ஒரு மூச்சு. கையை மாற்றி, கட்டிப்பிடித்து, காலால் எழுந்திருங்கள். இறக்கும்போதும் அதே வழியில் திரும்பி வாருங்கள். தூக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு இறக்கும்போது தொப்பென்று குனிகிறவர்களுக்குத்தான் அதிகம் பிடித்துக்கொள்கிறது.

அணைத்து நடத்தல். மூட்டையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து 20 மீட்டர் நடை. மூட்டை மூச்சை அழுத்தும். குட்டிக் குட்டி மூச்சாக விட்டுக்கொண்டே நடக்கப் பழகுங்கள். பின்னுக்குச் சாய்ந்து வயிற்றில் தாங்கினால் கீழ்முதுகு நசுங்கும்.

ஒற்றைக் கை நடை. ஒரு பக்கெட் மட்டும். உடல் எதிர்ப்பக்கம் சாயாமல் நேராக நடக்க வேண்டும். பக்கவாட்டு வயிற்றுத் தசைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. படியில் சிலிண்டரோ டிராலியோ இழுக்கும்போது உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது அதுதான்.

மூச்சு: தூக்குமுன் மூச்சை இழுத்து, இருமப்போகும்போது வயிறு இறுகுமே, அந்த இறுக்கத்தைக் கொண்டுவாருங்கள். எழும்போது மெல்ல விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மருத்துவர் அனுமதித்திருந்தாலும், மூச்சை அடக்கக்கூடாது. வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு தானாக வெளியேறும்.

கை: உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி கனத்தை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மேற்கையின் பைசெப்ஸ் தசையை முழங்கை எலும்போடு கட்டும் நாண் அறுந்துபோவது அப்படித்தான், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதிகம். அணைக்க முடியாத பொருளை நீட்டிய கையில் தொங்கவிட்டுத் தூக்குங்கள்.

6. 12 வாரக் கால அட்டவணை

அடுத்தடுத்த நாள் வேண்டாம். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பயிற்சியும் வேண்டாம், கேன் மாற்றுவதும் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க்குகள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிவது டிஸ்க்குக்குக் கூடுதல் சுமை. ஆறு மணிக்கு வரும் கேனை வாசலில் வைத்துவிட்டு, ஏழரைக்குத் தூக்குங்கள். நீண்ட பஸ் பயணமோ பைக் பயணமோ முடித்து இறங்கியவுடனும் இதே எச்சரிக்கைதான், ஐந்து நிமிடம் நடந்துவிட்டுக் கை வையுங்கள்.

வாரம் 1, 2: 10 கிலோ மூட்டை (அல்லது 5). தரையிலிருந்து மடியேற்றி எழுதல் எட்டு முறை வீதம் மூன்று சுற்று. அணைத்து நடை 20 மீட்டர், நான்கு தடவை. ஒற்றைக் கை பக்கெட் ஐந்து லிட்டர், கைக்கு 20 மீட்டர்.

வாரம் 3 முதல் 5 வரை: 15 கிலோ. ஆறு முறை வீதம் நான்கு சுற்று. பக்கெட் பத்து லிட்டர்.

வாரம் 6 முதல் 9 வரை: 20 கிலோ. ஐந்து முறை வீதம் நான்கு சுற்று. இப்போது நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றுவதையும் சேருங்கள், இடத்தோள் ஒரு முறை, வலத்தோள் ஒரு முறை. வாரம் ஒரு நாள் மூட்டையோடு ஒரு மாடி ஏறி இறங்குங்கள், கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக. எட்டாவது வாரத்தில் எடையைப் பாதியாக்கி உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். தசை வேகமாகத் தேறும், நாண்களும் மூட்டுகளும் மெதுவாகத்தான் தேறும். "இப்போதுதான் நன்றாக வருகிறது" என்று தாவுகிற வாரத்தில்தான் முழங்கை வலி பிடிக்கும்.

வாரம் 10 முதல் 12 வரை: 25, பிறகு 27.5, முடிந்தால் 30. மூன்று முறை வீதம் ஐந்து சுற்று, நடுவில் இரண்டு நிமிட இடைவெளி.

எடை ஏற்றும் விதி ஒன்றே: தொடர்ந்து இரண்டு பயிற்சி நாளில் எல்லாச் சுற்றும் முதுகு கூனாமல் முடிந்தால் மட்டும் அடுத்த பொட்டலம். 20 கிலோவிலேயே நின்றுவிட்டாலும் கேன் உங்கள் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் தொடையும் புட்டமும் வலித்தால் நல்லது. ஒரு பக்க இடுப்பு மட்டும் குத்தினாலோ வலி காலுக்கு இறங்கினாலோ நிறுத்துங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம் வரை. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் இந்த அளவு வராது. சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்கள் பருப்பு, சுண்டல், தயிர், மீன், முட்டை எதையாவது மூன்று வேளையும் சேருங்கள்.

7. நிஜப் பொருளில் கை வைக்கும்போது

தண்ணீர் கேன். கொண்டுவருகிறவரிடம் தரையில் வைக்காமல் முழங்கால் உயர ஸ்டூலில் வைக்கச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது. கேனின் வெளிப்புறத்தைத் துணியால் துடையுங்கள், ஈரக் கேன்தான் நழுவும். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடிவிளிம்பில். தொடைக்கு, நெஞ்சுக்கு, எழுந்து, இரண்டு எட்டு வைத்து டிஸ்பென்சருக்கு நேர் எதிரே வந்தபின்தான் கவிழ்க்க வேண்டும். பக்கத்தில் நின்றபடி இடுப்பைத் திருகிக் கவிழ்ப்பதுதான் பலரை வீழ்த்துகிறது. கழுத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் மணிக்கட்டும் போகும், கேனும் போகும். பாதி கேன் முழுக் கேனைவிட எளிது என்று நம்பாதீர்கள்; உள்ளே தண்ணீர் அலைமோதும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பம்பை மூடியில் பொருத்திவிட்டால் தூக்கவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் அதை வாங்கி வைத்துவிட்டுத்தான் நீங்கள் ஊருக்குப் போக வேண்டும்.

சிலிண்டர். பில்லில் உள்ள விலையில் வீடு வரை கொண்டுவந்து தருவதும் சேர்ந்ததுதான். மாடிக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வந்தவுடனே சீல், எடை, கசிவு மூன்றையும் அவர் முன்னாலேயே பாருங்கள். எடை போட்டுக் காட்டும்படி கேட்கலாம். பட்டையில் உள்ள எழுத்தையும் பாருங்கள்: ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர், கூட இருக்கும் எண் அடுத்த பரிசோதனைக்குரிய ஆண்டு. அந்தக் காலம் கடந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நகர்த்த: ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டபின்தான். படுக்கவைத்து உருட்டக்கூடாது, திரவம் வால்வுக்கு வந்துவிடும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். வாசற்படி தாண்ட வேண்டியிருந்தால் சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே வைத்து, மேல் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, கை நீண்டிருக்க, இடுப்பை நிமிர்த்தித் தூக்குங்கள். ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும் டெலிவரிக்காரரைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று தோன்றும். அவர் உடம்பு வருடக்கணக்கில் அதற்குப் பழகியது.

30 கிலோ முடியவே முடியாது என்றால் எடை குறைந்த 5 கிலோ சிலிண்டரும், சில ஊர்களில் 10 கிலோ காம்போசிட் (இரும்புக்குப் பதில் கண்ணாடி இழையும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த) சிலிண்டரும் உண்டு. காம்போசிட்டின் மொத்த எடை இரும்புச் சிலிண்டரில் ஏறக்குறைய பாதி. ஏஜென்சிக்குக் கேஸ் புத்தகம், இணைப்பு எடுத்தபோது தந்த வவுச்சர், ஆதார் மூன்றையும் கொண்டு போங்கள். டெபாசிட் வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். வவுச்சர் தொலைந்திருந்தால் அதற்குத் தனி உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அதனால் முதலில் வீட்டில் தேடிவிட்டுப் போங்கள்.

அரிசிச் சிப்பம். ஒரே பக்கத்து இரண்டு முனைகளைப் பிடித்தால் நடு தொங்கும். குறுக்காக, எதிரெதிர் முனைகளைப் பிடித்து மடிக்கு ஏற்றுங்கள். அங்கிருந்து தோளுக்கு. கடையில் வாங்கும்போது பைக்கின் முன்பக்கத்திலிருந்து நேரே தோளுக்கு மாற்றினால் தரையிலிருந்து தூக்கும் வேலையே இல்லை.

வாஷிங் மெஷின், பிரிட்ஜ், பேட்டரி. இவை மூன்றும் இரண்டு ஆள் வேலை, எவ்வளவு பலம் வந்தாலும். முன்பக்கக் கதவு மெஷினில் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் வாங்கியபோது தனியாகத் தந்திருப்பார்கள். அவற்றைப் பின்பக்கம் திருகாமல் படியில் இறக்கினால் டிரம் உள்ளே மோதி உடையும். கீழே இருக்கும் பில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். பிரிட்ஜைக் கதவுக் கைப்பிடியில் பிடிக்காதீர்கள், அதிகம் சாய்க்காதீர்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள். பேட்டரியைச் சாய்த்தால் ஆசிட் வழியும். முனைகளை ரப்பர் ஷீட்டால் மூடி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

பீரோ. முழுதும் காலி செய்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுங்கள். தூக்காதீர்கள். ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி, அடியில் சணல் சாக்கைத் தள்ளி, தாழ்வாகப் பிடித்து இழுங்கள். உயரத்தில் கை வைத்துத் தள்ளினால் சாயும்.

8. இரண்டு பேர் தூக்கும்போது

சொல்கிற ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். "மூணு" என்றவுடன் தூக்குவதா, "மூணு" சொல்லி முடித்தபின் தூக்குவதா என்று முன்பே பேசிவிடுங்கள். ஒருவர் முன்னதாகத் தூக்கினால் முழு எடையும் அரை விநாடி அவர் மேல். "இறக்கு" என்று யார் சொன்னாலும் உடனே இறக்க வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது. படியில் கீழே இருப்பவர் மேல்தான் அதிக எடை விழும், அதனால் பலமான ஆள் கீழே.

ஹவாய் செருப்போடு படியில் கனம் ஏற்றாதீர்கள். லுங்கியை மடித்துக் கட்டுங்கள், புடவை முந்தானையைச் செருகுங்கள். இடுப்புப் பெல்ட் பலத்தைத் தராது. பெல்ட் போட்டதும் கூடுதல் எடைக்கு ஆசை வருவதுதான் அதன் ஆபத்து.

9. கூலிக்கு ஆள் வைப்பதென்றால்

50 கிலோவுக்கு மேல் எதற்கும் ஆள் வையுங்கள். பேசும்போது எத்தனை மாடி, லிப்ட் உண்டா, வண்டி வாசல் வரை வருமா, கட்டில் கழற்றி மாட்டுவது சேர்ந்ததா என்ற நான்கையும் சொல்லி, மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வாயால் பேசிய தொகை மாடிப்படியில் நிற்கும்போது மாறும். பொருளின் நாலு பக்கத்தையும் தேதியோடு படம் எடுங்கள், பில்லும் வாரண்டி அட்டையும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதிச் சீட்டை முந்தின நாளே வாங்குங்கள், சில இடங்களில் லிப்ட்டுக்குத் தனி நேரமும் கட்டணமும் உண்டு. முகூர்த்த நாளிலும் மாதக் கடைசியிலும் கூலி ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற்றுவதில்லை. உங்களுக்கு அந்த நம்பிக்கை தடையில்லையென்றால் அப்போது பேரம் பேசலாம்.

10. இடுப்பு பிடித்துக்கொண்டால்

பொருளை அந்த இடத்திலேயே விடுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முதுகில் மிதிக்கவோ திருகவோ விடாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்க வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடப்பதுதான் சீக்கிரம் குணமாக்கும். பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் சரியாகிவிடும்.

சிறுநீர் அடங்கவில்லை அல்லது வரவே இல்லை, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துவிட்டது, பாதத்தைத் தூக்க முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். டிஸ்க் பிதுங்கி நரம்புக் கற்றையை நெரிக்கும்போது மணிக்கணக்குதான் அவகாசம்.

சாதாரணப் பிடிப்பு என்றால், வலியில்லாமல் குத்துக்காலிட்டு எழ முடிகிற நாளில் விட்ட எடையில் பாதியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.